மேடில்லாத ஊரில் விற்ற கார்

நேற்றுப் பின்னேரம், புதிதாக வேலைக்கு வந்த நீங்கள் மூன்று பேரும் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். "நடுக் கிரேடுக்கு எயார் பேக் எத்தனை?" "ரெண்டு!" "எலோய் வீல்?" "டொப் கிரேடுக்கு மட்டும்!" சிரிப்பை அடக்க முடியாமல் தேத்தண்ணியை என் மடியிலேயே ஊற்றிக்கொண்டேன். உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பிள்ளைகள். இதே பாடத்தை இதே ராகத்தில் ஒப்பித்தவள்தான் நானும்.

வேலையை விட்டு ஓய்வெடுக்கப் போனவள் கிழமைக்கு இரண்டு தரம் இந்தக் கார் விற்கிற சேலுக்குள் வந்து நிற்கிறாளே என்று யோசிக்காதீர்கள். புதுக் காரின் கதவைத் திறந்ததும் வருகிற அந்த வாசனை இல்லாமல் என்னால் இருக்க ஏலாது. அதற்கு டிஸ்பென்சரியில் மருந்தும் கிடையாது.

படிவம் நிரப்புவது, லீசிங்காரரோடு கதைப்பது எல்லாவற்றையும் மனேஜர் தம்பி சொல்லித் தருவார். நான் ஒரு பிழையை மட்டும் சொல்லப்போகிறேன். வேறு யாருடையதும் இல்லை, என்னுடைய பிழை.

சண்டை முடிந்து பாதைகள் திறந்த காலம் அது. அதற்கு முன் நான் புத்தளம் டவுனில் ஒரு புடவைக் கடையில் நின்றவள். பத்துப் பன்னிரண்டு வருடம் சாரிக்குக் கரையும் முந்தானையும் காட்டிய கை, காருக்குக் கிரேடு காட்டவும் கெதியாகப் பழகிவிட்டது. எங்கள் முதலாளி சிலாபத்துக்காரர், சிங்களவர், தமிழையும் சரளமாகக் கதைப்பார். "பெண்கள் கார் வாங்க வருவாங்க மிஸ், அவங்களோட கதைக்க ஒரு பெண் வேணும்" என்று என்னைக் கூப்பிட்டார். முதல் வருடம் வந்த பெண்கள் எல்லாரும் புருஷனுக்குப் பின்னால் நின்று சீட்டுத் துணியின் நிறத்தை மட்டும் கேட்டார்கள்.

அப்போது எங்களுக்குச் சோறு போட்டது ஒரேயொரு சின்னக் குடும்பக் கார். அதில் உடம்பு மூன்று விதம்: பின்பக்கம் குட்டையாக வெட்டி நிற்கும் ஹெச்பெக், டிக்கி நீட்டிய சலூன், பின்னால் அறை கட்டினதுபோல் நீண்ட வேகன். எஞ்சின் மூன்று: 1.0, 1.3, 1.5; 1.0 என்றால் ஆயிரம் சீசீ, வாயால் சொல்வது வெறும் "ஆயிரம்". கிரேடும் மூன்று. அடிக் கிரேடுக்குக் கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். நடுக் கிரேடுக்கு பவர் ஷட்டரும் ரேடியோவும் உண்டு. ஃபுல் ஒப்ஷன் என்றால் பொத்தானை அமத்தி ஸ்டார்ட் பண்ணலாம், பின்னால் எடுக்கும்போது பின்பக்கத்தைக் காட்டும் ஒரு சின்ன டீவியும் உண்டு. மும்மூன்று ஒன்பது, ஒன்பது மூன்று இருபத்தேழு. இந்த இருபத்தேழையும் நான் ஒரே மூச்சில் சொல்வேன். ஒருநாள் மாம்புரியிலிருந்து வந்த வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, காரை வாங்காமல் "இன்னொருக்கா சொல்லுங்க" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். அதையும் நான் பெருமை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அப்படிப் பெருமை தலைக்கேறி இருந்த நேரத்தில்தான் ரலீனா வந்தாள்.

ரலீனா கரைத்தீவுப் பக்கத்து மிட்வைஃப். என்னைப் போலவே தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, கையில் ஒரு பையோடு வந்த குடும்பத்துப் பிள்ளை. முகாம் கொட்டிலில் படித்து, பாஸ் பண்ணி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பிறந்ததும் கையில் ஏந்தியவள். மோட்டார் சைக்கிளில் குறுகிய ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிவாள். அன்று அவள் தனியாக வரவில்லை. புருஷன் நவ்சாத் வந்தார், கருவாட்டு வியாபாரம். அவருடைய இரண்டு ராத்தாமாரும், மூத்த சகோதரிகள், வந்தார்கள், ரலீனாவுக்கு மதினிமார். பெரிய மதினி, சின்ன மதினி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். இருவருக்கும் பகிடியும் சிரிப்பும் இல்லாமல் மூச்சு விடத் தெரியாது.

வந்து ஐந்து நிமிடத்தில் சேல் கல்யாண வீடாகிவிட்டது.

"சலூன்தான் எடுக்கணும்," என்றார் நவ்சாத். "டிக்கி வெளியில தெரியாத கார் என்ன கார்? ஆள் இடுப்பில சாரம் கட்டாம நிண்ட மாதிரி இரிக்கி."

பெரிய மதினி வேகனுக்குள் ஏறிப் பின்னால் காலை நீட்டிப் படுத்துவிட்டார். "எனக்கு இது போதும். இதுக்குள்ளயே ஒரு அடுப்பு வைக்கலாம்."

சின்ன மதினிக்கு ஃபுல் ஒப்ஷனில் இருந்த அந்தச் சின்ன டீவியின் மேல் கண். "இதுல நாடகம் போகுமா?"

நான் எல்லாருக்கும் சேர்த்து இருபத்தேழையும் ஒப்பிக்கத் தொடங்கினேன். ரலீனா மட்டும் குட்டைக் காரின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி இருந்து, தலையைத் திருப்பிப் பின் கண்ணாடியைப் பார்த்தாள். அதைக் கண்டதும் நான் ஒப்பிப்பதை நிறுத்தினேன். அன்று நான் செய்த ஒரே கெட்டித்தனம் அதுதான். சாவி யாருடைய கைக்குப் போகப் போகிறதோ அவரோடு கதையுங்கள். மற்றவர்களுக்கு நெக்டோ சோடா வாங்கிக் கொடுங்கள்.

"ராத்தா," என்றாள் என்னைப் பார்த்து. "எனக்கு ஒழுங்கைக்குள்ள திருப்பணும். முள்ளு வேலியில படக்கூடாது. அதால இந்தக் குட்டைதான். ஓட்டோ கியர். நடுக் கிரேட் போதும். எஞ்சினை மட்டும் நீங்க சொல்லுங்க. மகள் ஷஸ்னா கண்டிப் பக்கம் கெம்பசுக்கு எடுபட்டிருக்கா. எங்கட குடும்பத்துல யுனிவர்சிட்டி போற முதல் ஆள். நான்தான் ஓட்டிட்டுப் போய் விடணும். மலை ஏறுமா?"

"அப்ப ஆயிரம் எடுக்காதீங்க," என்றேன் உடனே. "ஊருக்குள்ள ஓட ஆயிரம் தாராளம். அஞ்சு பேரும் சாமானுமா மலை ஏற எண்டா 1.3. கண்ணை மூடிட்டு எடுங்க."

புத்திமதி சரிதான். கண்ணை மூடியது நான்.

எங்கள் யார்டில் அன்று வெள்ளை நிறத்தில் இரண்டு குட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அதே உடம்பு, அதே நடுக் கிரேட், அதே சீட்டுத் துணி. ஒன்று 1.0, மற்றது 1.3. வெளியில் பார்க்க ஒரே வித்தியாசம் பின் கதவில் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளி எண்தான். கடல் களப்புக் காற்றுக்கு உப்புப் பிடித்து இரண்டும் மங்கியிருந்ததால் அதற்கு முந்திய கிழமை பொலிஷ் போட்டிருந்தோம். பொலிஷ் போடுவதற்காக எண்களைக் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருந்தது. ரலீனா வந்த அன்று காலை எங்கள் மெக்கானிக் லீவு. அவரை எல்லாரும் "பாஸ்" என்றே கூப்பிட்டோம், அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பாஸ் வரும்வரை பொறுக்க மனமில்லாமல் நானே பசை பூசி, அழகாக, நூல் பிடித்த மாதிரி நேராக இரண்டையும் ஒட்டினேன். பொனட்டைத் திறக்கவில்லை. எது எது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இருபத்தேழையும் மனப்பாடமாகச் சொல்கிறவளுக்குத் தெரியாதா?

ரலீனா 1.3 என்று ஒட்டிய காரை ஓட்டிப் பார்த்தாள். புத்தளத்திலிருந்து பாலாவி வரை போய்த் திரும்பி வந்தாள். காற்றாகப் பறந்தது என்றாள். பறக்காமல் என்ன செய்யும்? எங்கள் ஊரில் ஆக உயரமான இடம் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போட்டிருக்கும் வேகத்தடை. உப்பளத்தைப் போலத் தட்டையான ஊரில் எந்த எஞ்சினும் ராஜாதான்.

காசு கட்டி, காரின் உடம்பில் வெட்டியிருந்த எண்ணை எழுதிக் கொடுத்து நம்பர் பதிந்து, காரை எடுத்துப் போனார்கள். பதிவுப் புத்தகம் கொழும்பிலிருந்து பிறகு வரும் என்றோம்.

கெம்பசுக்குப் போகிற நாள் காலை, எட்டரை மணி இருக்கும், கார் சேலுக்கு முன்னால் வந்து நின்றது. படம் எடுக்க வந்தார்களாம். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. காரின் கூரையில் இரட்டைக் கட்டில் அளவு மெத்தை, நைலோன் கயிற்றால் கட்டியிருந்தது. உள்ளே ஒரு தகரப் பெட்டி, ஒரு வாளி, சோறு ஆக்கும் குக்கர், பெரிய மதினி, சின்ன மதினி, நடுவில் நசுங்கிச் சிரித்துக்கொண்டு ஷஸ்னா. மதினிமாரின் காலடியில் ஒரு மூட்டை.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"உப்பு," என்றார் பெரிய மதினி. "வெறுங்கையோட போகலாமா? படிப்பிக்கிறவங்களுக்குக் குடுக்க."

"ரெண்டு மணிக்குள்ள பதியணும் ராத்தா, துஆ செய்யுங்க," என்று சொல்லிவிட்டு ரலீனா புறப்பட்டாள். கார் லைசன்ஸ் எடுத்து மூன்று மாதம். கை இரண்டும் ஸ்டியரிங்கில் பத்து மணி, இரண்டு மணி என்று, பாடப் புத்தகத்தில் உள்ளபடி.

ஒன்பதரைக்குக் கொழும்புத் தபால் வந்தது. அதற்குள் ரலீனாவின் பதிவுப் புத்தகமும் இருந்தது. பிள்ளைக்குப் பெயர் சரியாக வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிற மாதிரி ஆசையாகத் திறந்தேன். எஞ்சின் கொள்ளளவு என்ற இடத்தில் ஆயிரத்துக்கும் கொஞ்சம் குறைந்த ஓர் எண் இருந்தது.

கொழும்பில் பிழையாக அடித்துவிட்டார்கள் என்று சந்தோஷமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்போடுதான் யார்டுக்குப் போனேன். 1.0 என்று ஒட்டிய மற்ற வெள்ளைக் காரின் பொனட்டை பாஸ் திறந்தார். உள்ளே குனிந்து தகட்டைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மிஸ், இது ஆயிரம் இல்ல."

"வேற என்ன?"

"ஆயிரத்து முன்னூறு."

நானும் குனிந்து அந்தத் தகட்டை இரண்டு தரம் வாசித்தேன்.

முதலாளி அன்று கொழும்புத் துறைமுகத்தில் நின்றார். கோல் எடுத்துச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பேரின் கதையை ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டு நிற்கிறவர். "இப்ப ஒண்டும் செய்யாதீங்க மிஸ். அவங்க போயிட்டு வரட்டும். வந்த பிறகு கதைப்பம். நம்ம ஊர்ல ஓடினா அவங்களுக்குத் தெரியவும் போறதில்ல."

"அவங்க நம்ம ஊர்ல ஓடல்ல முதலாளி. மலைக்குப் போயிருக்காங்க."

"மெதுவா ஏறும். நிண்டா கோல் எடுப்பாங்க."

போனை வைத்தேன். அடுத்ததாக ரலீனாவின் போனுக்கு எடுத்தேன். நவ்சாத் பேசினார். பின்னால் மதினிமார் பாடுகிற சத்தம். "சூப்பரா போகுது ராத்தா! வாரியப்பொல தாண்டிட்டம்! ஏசி குளிர் தாங்க ஏலாம ராத்தாமார் ரெண்டு பேரும் போர்வை கேக்கிறாங்க!"

வாய் வரைக்கும் வந்தது. ஆனால் யோசித்தேன். இதைப் போனில் சொன்னால் அவர் அதை அந்த இடத்திலேயே சத்தம் போட்டுச் சொல்வார். ஸ்டியரிங் பிடித்திருக்கிறவளுக்கு மூன்று மாத அனுபவம். கேட்டதும் அவள் கை என்ன செய்யும்? திரும்பி வரச் சொல்லவும் நேரமில்லை. கெட்ட செய்தி எதுவாக இருந்தாலும் வண்டி நின்ற பிறகுதான் சொல்ல வேண்டும். இதை நான் அன்று ஒரு வினாடியில் படித்தேன்.

"மலை தொடங்க முந்தி நிண்டு தேத்தண்ணி குடிங்க. நானும் வாறன்," என்று மட்டும் சொன்னேன்.

"நீங்களுமா? வாங்க வாங்க! ஆனா நிக்க நேரமில்ல, பதியணும்!" போனை வெட்டிவிட்டார்.

திரும்பவும் முதலாளிக்கு எடுத்தேன். "நான் ஒரு டெஸ்ட் ட்ரைவ் போயிட்டு வாறன் முதலாளி."

"சரி. எங்க?"

"கண்டிக்கு."

அவர் அடுத்து என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

மற்ற வெள்ளைக் காரில் சேலின் தற்காலிக நம்பர்ப் பலகையை மாட்டினோம். பாஸை முன் சீட்டில் ஏற்றினேன். அவரும் கரையோரத்து மனிதர், என்னைப் போலவே மலை என்றால் கலண்டரில் பார்த்தவர். நான் மிதித்த மிதியில் நிக்கவெரட்டிய வருவதற்குள் அவர் மூன்று மதத்துச் சாமியையும் கூப்பிட்டுவிட்டார்.

"மிஸ், எனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு."

"எனக்கு மூணு இரிக்கி பாஸ்."

"அப்ப நீங்க இன்னும் மெதுவா போகணும்!"

குருணாகலில் வாகன நெரிசல். யானை மாதிரி நின்ற லொறிகளுக்குப் பின்னால் பத்து நிமிடம் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தேத்தண்ணிக் கடைகளையெல்லாம் எட்டிப் பார்த்தேன். கூரையில் மெத்தை கட்டிய கார் எங்கும் இல்லை. மாவத்தகமவையும் தாண்டினோம். கலகெதர ஏற்றம் தொடங்கியது. பாதை வளைந்து வளைந்து மேலே போக, எங்கள் காரின் மூக்கு முதல்முறையாக வானத்தைப் பார்த்தது. பாஸ் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இரண்டாவது வளைவில் அவர் மெல்லச் சொன்னார்:

"மிஸ், அங்க மெத்தை ஒண்டு நடந்து போகுது."

உண்மைதான். பாதையோரத்தில் ஒரு இரட்டைக் கட்டில் மெத்தை ஆடி ஆடி ஏறிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நவ்சாத்தின் இரண்டு கால்கள். அவருக்குப் பின்னால் மதினிமார் உப்பு மூட்டையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, வாய் நிறைய ரம்புட்டானோடு, சிரிப்பில் நான்கு அடி போவதும் நிற்பதுமாக வந்தார்கள்.

காரை ஓரம் கட்டினேன். பெரிய மதினி என்னைக் கண்டதும் கூவினார். "ராத்தா! பாத்தீங்களா மலைய! மாஷா அல்லாஹ்! வீட்டுக்கு மேல வீடு, அதுக்கு மேலயும் ஒரு வீடு!"

"ஏன் நடக்கிறீங்க?"

"மலையில இப்படித்தானாம்," என்றார் நவ்சாத், மெத்தைக்குள்ளிருந்து. "ரம்புட்டான் விக்கிற ஆள் சொன்னார். முந்தியெல்லாம் பஸ்ஸில போற சனமும் இறங்கித்தான் நடக்குமாம். கார் நல்ல கார் ராத்தா, குறை சொல்ல ஏலாது."

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இவர்களுக்குத் தெரியவில்லை. சந்தோஷமாக இருக்கிறார்கள். எதையும் சொல்லாமல் இவர்களை என் காரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டால் நாளும் நல்லபடியாக முடியும், சேலின் பெயரும் நிற்கும். பொய் சொல்லத் தேவையில்லை, வாயை மூடினால் போதும். அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று உங்களிடம் சொன்னால்தான் பொய்.

அடுத்த வளைவில் ரலீனாவைக் கண்டேன்.

கார் ஓரமாக நின்றது. பின் சில்லு உருளாமல் ஒரு கல் வைத்திருந்தது. பொனட் திறந்திருந்தது, சூடு ஏறி மீட்டர் ஊசி சிவப்புக்குப் போயிருந்தது. ஷஸ்னா கெம்பஸ் பதிவுப் பேப்பர்க் கோவையால் எஞ்சினுக்கு விசிறிக்கொண்டு அழுதாள். ரலீனா பாதையோரத்து மதிற்கட்டின் மேல் இருந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"ராத்தா, பின்னால உருண்டுட்டுது," என்றாள். "பஸ் ஒண்டு பின்னால. ஹேன்ட் பிரேக்க இழுத்தன். ஒரு முழம்தான் மிச்சம். பஸ்காரர் இறங்கி வந்து, பொம்பிளைகளுக்கு என்னத்துக்கு இந்த வேலை எண்டு ஏசினார்." உதட்டைக் கடித்தாள். "அவர் சொன்னது சரிதான். இவ்வளவு நல்ல காரைத் தந்திருக்கீங்க, எனக்கு ஓட்டத் தெரியல்ல. எனக்கு ஏலாது ராத்தா. இனி நான் சாவியத் தொட மாட்டன்."

மெத்தையோடு வந்து சேர்ந்த நவ்சாத் அன்பாகத்தான் சொன்னார். "ராத்தா வந்துட்டாங்கதானே. அவங்க ஓட்டட்டும். நீ பின்னால இரி."

பிள்ளைகள், அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. என் வாய் மூடியிருந்தால் அந்தப் பொய்யின் பாரம் காரில் ஏறாது. அது இவளில் ஏறும். இருட்டிலும் மழையிலும் தனியாகப் போய்ப் பிரசவம் பார்த்தவள், தனக்கு ஏலாது என்று வாழ்நாள் முழுக்க நம்புவாள். என் பசைக்காக.

"ரலீனா, உங்கட பிழை இல்ல," என்றேன். "இது 1.3 இல்ல. ஆயிரம். எண்ணை மாத்தி ஒட்டினது நான். நீங்க வாங்கின கார் இதோ, நான் வந்த கார். காலையில புத்தகம் வந்த பிறகுதான் எனக்கே தெரியும். ஏத்தத்துக்குப் போடுற சின்னக் கியரையும் நான் உங்களுக்குக் காட்டித் தரல்ல. நம்ம ஊர்ல அது தேவைப்படல்ல."

மதினிமாரின் வாயில் ரம்புட்டான் அப்படியே நின்றது. நவ்சாத் மெத்தையைக் கீழே போட்டார்.

"அப்ப எங்கள ஏமாத்தினீங்களா?"

"ஏமாத்தல்ல. பாக்காம வித்தன். ஆனா உங்களுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

ரலீனா மதிற்கட்டிலிருந்து எழும்பினாள். "அப்ப நான் இல்லியா?"

"நீங்க இல்ல."

"திரும்பச் சொல்லுங்க. அவருக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லுங்க."

கத்திச் சொன்னேன். "ரலீனாவில பிழை இல்ல! அவ நல்லா ஓட்டினா! பிழை முழுக்க என்ட!" நாலு வளைவுக்குக் கேட்டிருக்கும். கீழ் வளைவில் நின்ற ரம்புட்டான்காரர் என்னவென்று எட்டிப் பார்த்தார். அவருக்கு விளங்க வேண்டுமே என்று பாஸ் முழுவதையும் சிங்களத்தில் திரும்பக் கத்தினார், என் பிழையைச் சொல்லும் இடத்தில் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தினார். ரம்புட்டான்காரர் கை தட்டினார். முதலில் சிரித்தது சின்ன மதினி. பிறகு ஷஸ்னா, அழுத கண்ணோடு. கடைசியில் ரலீனாவும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மதிற்கட்டில் சாய்ந்து, கண்ணீர் வரும்வரை.

சிரித்து முடிந்ததும் கையை நீட்டினாள். "என்ட காரின்ட சாவியத் தாங்க."

தந்தேன். கியரை எங்கே இழுப்பது என்று ஒரு நிமிடத்தில் காட்டினேன். மகளையும் மதினிமாரையும் உப்பையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டாள். கல் ஒன்றும் தேவைப்படவில்லை. கார் ஒரு முறை உறுமி, எங்களைத் தாண்டி வளைவில் மறைந்தது. மேலே எங்கோ பெரிய மதினி குரவையிடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மிச்சம் நாங்கள். சூடு ஆறிய ஆயிரத்தில் நான், பாஸ், நவ்சாத், மெத்தை. ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, சின்னக் கியரில் மாட்டு வண்டி மாதிரி ஏறினோம். ஒரு செங்குத்து வளைவில் நவ்சாத் தானாகவே இறங்கி நடந்தார். எங்களை முந்திப் போய் மேலே நின்று கை காட்டினார். கோபம் எந்த வளைவில் விழுந்தது என்று தெரியாது. மேலே போய்ச் சேர்ந்தபோது அவரிடம் இல்லை.

இரண்டு மணிக்கு இருபது நிமிடம் இருக்க ஷஸ்னா பதிந்தாள். உப்பைக் கெம்பஸ் வாசலில் நின்ற காவல்காரர் வாங்கிக்கொண்டார். படிப்பிக்கிறவர்களுக்குப் போனதோ என்னவோ, அவர் முகம் மலர்ந்தது.

பேப்பர் மாற்றியது, முதலாளியிடம் நான் வாங்கிக் கட்டியது எல்லாம் நீண்ட கதை. சுருக்கமாகச் சொன்னால், அவர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. எட்டாம் நாள் யார்டில் நின்ற எல்லாக் காரின் பொனட்டையும் அவரே திறந்து பார்த்துவிட்டு, "சரி மிஸ், வேலையப் பாருங்க" என்றார். இரண்டாம் கைக் காராகிவிட்ட அந்த ஆயிரத்தை நுரைச்சோலையில் ஒரு டீச்சருக்கு விற்றேன். பொனட்டைத் திறந்து வைத்து, நடந்த கதையையும் சொல்லித்தான் விற்றேன். கதைக்காகவே வாங்குகிறேன் என்றார். ஊருக்குள் ஓட அது தாராளம் என்று முன்பே சொன்னேன்தானே.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது திரும்பி வந்த வழியை. பாஸும் நவ்சாத்தும் ஆயிரத்தில் முன்னால் போய்விட்டார்கள். நான் ரலீனாவுக்குப் பக்கத்தில், மதினிமார் பின்னால். கலகெதர ஏற்றத்தை இறங்கி முடித்து, பாதை தட்டையாகிற இடத்தில் ரலீனா சிக்னல் போட்டு ஓரம் கட்டினாள்.

"என்ன, எதையும் மறந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல ராத்தா. முதல்ல ஏறேக்குள்ள பயத்தில ஒண்டையும் பாக்கல்ல. பிறகு ஏறேக்குள்ள நேரம் போகுதேண்டு ஒண்டையும் பாக்கல்ல." ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துக் காரைத் திருப்பினாள். "இன்னொருக்கா ஏறிட்டு வருவம்."

ஏறினோம். வளைவுக்கு வளைவு மதினிமார் கூவினார்கள். முந்திக் கை தட்டிய ரம்புட்டான்காரர் திரும்பவும் எங்களைக் கண்டு, இந்தச் சனத்துக்கு என்ன பைத்தியம் பிடித்தது என்று வாயைப் பிளந்து நின்றார். ரலீனா அவருக்கு ஹோர்ன் அடித்தாள். பள்ளத்தாக்கில் வெயில் சாய்ந்து கிடந்தது, அவள் ஒவ்வொரு மரத்தையும் எனக்குக் கை காட்டினாள், நான் ஒவ்வொரு முறையும் "பாதையப் பாருங்க, பாதையப் பாருங்க" என்றேன். உச்சியில் திரும்பி இறங்கி, கீழே வந்து, இன்னும் ஒரு தரம் ஏறினோம்.

அந்த முறைதான் பெரிய மதினி பின்னாலிருந்து என் தோளில் தட்டி, தானும் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். அன்று முழுக்க நான் எடுத்த முடிவுகளில் யோசிக்காமல் எடுத்தது அது ஒன்றுதான். ஏலாது என்று வாயால் சொல்லாமல், அவருடைய கையில் ஒரு ரம்புட்டானை வைத்து, அவரது பக்கத்துக் கதவுக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.